பால்குடிப் பிள்ளையை விட்டுச் சென்றவள்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. பேரன் சுகமாக இருக்கிறானா? "கைக்குழந்தையை விட்டுவிட்டுச் சாகத் துணிந்தவளைப் புனிதர் என்று எப்படியம்மா கும்பிடுவது?" என்று நீ கேட்டதற்குத் தொலைபேசியில் அவசரமாகப் பதில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பால்குடிப் பிள்ளையை மடியில் வைத்திருப்பவளுக்கு அப்படித்தான் தோன்றும். ஆனால் கிறிஸ்தவள் என்பதை மறுக்காமல் உயிரைக் கொடுத்த புனித பெர்பெத்துவாவைக் கல்நெஞ்சுக்காரி என்று மட்டும் நினைத்துவிடாதே.

சிறையில் அவள் எழுதிய குறிப்புகள் இன்றும் இருக்கின்றன. இடம் கார்த்தேஜ், இன்றைய துனிசியாவில் இருக்கிறது. ஆண்டு 203. அவளுக்கு 22 வயது இருக்கும். வசதியும் படிப்பும் உள்ள குடும்பம். கிறிஸ்தவ நம்பிக்கைக்காக அவளுடன் பிடிபட்ட பெலிசித்தா என்ற பெண்ணும் ரெவோகாத்துஸும் அடிமைகள். பிடிபட்ட பிறகுதான் திருமுழுக்கே (ஞானஸ்நானம்) பெற்றார்கள்.

சிறையின் இருட்டுக்கும் புழுக்கத்துக்கும் நடுவே அவளை வாட்டியது பிள்ளையைப் பற்றிய கவலைதான். தெர்சியுஸ், பொம்போனியுஸ் என்ற இரண்டு திருத்தொண்டர்கள் (திருச்சபைப் பணியாளர்கள்) காவலர்களுக்குப் பணம் கொடுத்து, கைதிகளைச் சில மணி நேரம் நல்ல இடத்துக்கு மாற்ற வைத்தார்கள். கிடைத்த அந்த நேரத்தில், பசியில் துவண்டு கிடந்த குழந்தைக்குப் பால் கொடுத்தாள். பிறகு பிள்ளை தன்னோடு தங்க அனுமதி கிடைத்ததும், சிறையே தனக்கு அரண்மனை ஆகிவிட்டது என்று எழுதுகிறாள். அன்பில்லாதவள் இப்படி எழுதுவாளா?

அவளுடைய அப்பாவை நினைத்தால்தான் எனக்கு நெஞ்சு அடைக்கிறது. நரைத்த தலைக்காவது இரங்கு என்று மகளின் கைகளை முத்தமிட்டு, காலில் விழுந்து அழுதார். விசாரணையின்போது குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றார். ரோமை அதிகாரி ஹிலாரியானுஸ் கேட்டது, பேரரசர்களின் நலனுக்காக ஒரு பலி. அவள் மறுத்துவிட்டாள். தந்தை விடாமல் கெஞ்சவே, அவரைத் தள்ளிப் பிரம்பால் அடிக்கச் சொன்னார் ஹிலாரியானுஸ். அந்த அடி தன்மேல் விழுந்ததுபோல் வலித்ததாக எழுதியிருக்கிறாள் மகள். காட்டு விலங்குகளுக்கு இரையாக்கத் தீர்ப்பு வந்தது. பிள்ளையைக் கேட்டு ஆள் அனுப்பினாள், தாத்தா கொடுக்கவில்லை. அதன்பின் பிள்ளை பால் கேட்கவில்லை, தனக்கும் பால் கட்டி வலிக்கவில்லை என்பதைக் கடவுளின் கருணையாகக் குறித்து வைத்தாள். பெற்றவளுக்குத்தான் அந்த வரியின் கனம் தெரியும், உனக்கும் தெரியும்.

தாய்மையையும் விசுவாசத்தையும் எதிரெதிரே நிறுத்தியது ரோமை அரசு. அந்தப் பழியை அவள் தலையில் போடாதே மகளே. முதல் நாளிலேயே அப்பாவிடம் ஒரு குடத்தைக் காட்டி, இதை வேறு பெயரால் அழைக்க முடியுமா என்று கேட்டவள் அவள். முடியாது என்றார். தானும் கிறிஸ்தவள் அல்லாத வேறொருத்தி என்று சொல்ல முடியாது என்றாள். உயிர் பிழைக்க ஒரு பொய் போதும் என்று இருந்தும் சொல்லாதவளை நான் மதிக்கிறேன்.

பெலிசித்தாவுக்கு அப்போது எட்டாம் மாதம். கர்ப்பிணியைக் கொல்லச் சட்டம் இடம் தராது. ஆனால் தோழர்களை விட்டுப் பிந்திவிடுவோமோ என்றுதான் அவளுக்குப் பயம். எல்லோரும் சேர்ந்து செபித்தார்கள். வலி கண்டு, சிறையிலேயே பெண் குழந்தை பிறந்தது. அதைக் கிறிஸ்தவப் பெண் ஒருத்தி தன் மகளாக வளர்த்தாள்.

மார்ச் 7 அன்று, இளவரசன் கேத்தாவின் பிறந்தநாள் விளையாட்டு என்ற பெயரில், வெறிகொண்ட ஒரு பசுவை இருவர்மேலும் ஏவினார்கள். முட்டித் தள்ளப்பட்ட பெர்பெத்துவா எழுந்து, கிழிந்த ஆடையைச் சரிசெய்து, கலைந்த கூந்தலைச் செருகிக்கொண்டாள். பெலிசித்தா விழுந்து கிடப்பதைக் கண்டு, போய்க் கை கொடுத்துத் தூக்கினாள். பெரிய வீட்டுப் பெண்ணும் அடிமைப் பெண்ணும் பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள். கடைசியில் வாளால் முடித்தார்கள்.

திருப்பலியில் முதலாம் நற்கருணை மன்றாட்டைக் குருவானவர் சொல்லும்போது கவனித்துக் கேள். இந்த இருவரில் அடிமைப் பெண்ணின் பெயர்தான் முதலில் வரும். இன்னும் மனம் ஒப்பவில்லை என்றால் எழுது, பேசுவோம். வேளாவேளைக்குச் சாப்பிடு, பால் கொடுக்கிறவள் பட்டினி கிடக்கக் கூடாது.

அன்புடன்,
அம்மா