பாலாற்றங்கரை மனையும் நூறு முறை சுண்டிய காசும்

பள்ளிகொண்டா

அன்புள்ள பாப்பா,

நைனா எழுதுகிறேன். நேற்று போனில் மாப்பிள்ளை அவசரத்தில் இருந்தார், நானும் பாதியில் விட்டுவிட்டேன். கணக்கைக் காதால் கேட்டால் நிற்காது, எழுதிப் பார்த்தால்தான் நிற்கும் என்று முப்பது வருஷம் வகுப்பில் சொன்னவன் நான். உனக்கும் எழுதியே சொல்கிறேன்.

நீங்கள் பார்த்துவிட்டுப் போன மனையைப் பற்றித்தான். "1903-ல ஒரு வெள்ளம், 2021-ல ஒரு வெள்ளம். நடுவுல 118 வருஷம். இப்பதான் வந்துட்டுப் போச்சு, இனிமே பேரப்பிள்ளைங்க காலத்துலகூட வராது" என்று தரகர் சொன்னாராம். மாப்பிள்ளைக்கும் அது நியாயமாகப் பட்டிருக்கிறது. எனக்கோ உன் ஒன்பதாம் வகுப்பு ஞாபகம் வந்துவிட்டது.

காசை நூறு தடவை சுண்டி, பூவா தலையா என்று வரிசையாக எழுதிக்கொண்டு வரச் சொல்லியிருந்தேன். நீ திண்ணையில் உட்கார்ந்து, காசைத் தொடாமலே நோட்டை நிரப்பிக் கொடுத்தாய். பார்த்ததுமே "நீ சுண்டவே இல்ல பாப்பா" என்றேன். எப்படித் தெரிந்தது என்று இன்றுவரை உனக்குச் சொன்னதில்லை. நூறில் ஓரிடத்தில்கூட ஒரே பக்கம் மூன்று தடவைக்கு மேல் தொடரவில்லை. இரண்டு மூன்று பூ எழுதியதுமே ‘இனி தலை வரணுமே’ என்று உன் கை தானாக மாற்றிவிட்டது. அப்புறம் அழுதுகொண்டே எவர்சில்வர் தட்டில் நிஜமாகச் சுண்டினாய். அறுபதைத் தாண்டியதும் ஏழு பூ தொடர்ந்து விழுந்தது. "காசு சரியில்ல நைனா" என்று தட்டோடு தூக்கிக்கொண்டு வந்தாய். காசு சரியாகத்தான் இருந்தது. நூறு தடவை சுண்டினால் ஐந்து முறை ஒரே பக்கம் தொடர்வது சர்வசாதாரணம், ஏழும் வரும். விழுந்ததையெல்லாம் காசு எண்ணி வைத்துக்கொள்வதில்லை. எட்டாவது தடவையும் பாதிக்குப் பாதிதான்.

தரகர் சொல்வது நீ திண்ணையில் எழுதிய அந்த நோட்டு. 118 என்பது ஒரே ஓர் இடைவெளி. ஒரு பிள்ளையின் உயரத்தை மட்டும் அளந்துவிட்டு வகுப்பின் சராசரி இதுதான் என்று யாராவது சொன்னால் நீ ஒப்புக்கொள்வாயா?

சரி, ஊர் பேசுகிறபடியே வைத்துக்கொள்வோம்: நூறு வருஷத்துக்கு ஒரு தடவை. அப்படியென்றால் ஒவ்வொரு வருஷமும் வெள்ளம் வரும் நிகழ்தகவு 0.01. நூறு வருஷம் காத்திருந்து வருவதென்று அதற்கு அர்த்தமில்லை. வீட்டுக்கடன் 20 வருஷம் என்றாய். அந்த 20 வருஷத்தில் ஒரு தடவையாவது வருமா என்பதுதான் நீ கேட்க வேண்டிய கேள்வி. ‘ஒரு தடவையாவது’ என்று வந்தால் நேராகப் போகாதே, நிரப்பு நிகழ்ச்சி வழியாகப் போ, அதாவது ஒரு தடவைகூட வராமல் இருப்பதைக் கண்டுபிடித்து ஒன்றிலிருந்து கழி என்று சொல்லிக் கொடுத்திருக்கிறேன். ஒரு வருஷம் வராமல் இருக்க 0.99. இருபது வருஷமும் வராமல் இருக்க, 0.99-ஐ இருபது தடவை பெருக்கு. 0.818 வரும். ஒன்றிலிருந்து கழித்தால் 0.182. பகடையை ஒரு தடவை உருட்டி ஆறு விழுவதைவிட இது அதிகம். முப்பது வருஷம் குடியிருந்தால் 0.26. இரண்டு காசைச் சுண்டி இரண்டும் தலை விழுகிற அளவு. கடனை அடைத்து முடிப்பதற்குள் கூடத்தில் தண்ணீர் நிற்குமா என்பதைப் பகடையிடம் விடுவாயா பாப்பா?

இதில் நான் ஒன்றை அனுமானித்திருக்கிறேன், அதையும் சொல்லிவிட வேண்டும். ஒவ்வொரு வருஷமும் தனித்தனி, ஒன்று மற்றொன்றைப் பாதிக்காது என்று எடுத்துக்கொண்டேன். காசுக்கு அது பொருந்தும். பாலாறு அப்படியில்லை, கர்நாடகத்து நந்தி மலையிலிருந்து ஏரி ஏரியாக நிரப்பிக்கொண்டு வருவது. மேலே ஏரிகளெல்லாம் நிரம்பியிருக்கும்போது அடுத்த மழைக்குத் தேங்க இடம் ஏது? தண்ணீர் அப்படியே இறங்கிவிடும். ஆக ஒரு நல்ல மழைக்காலத்துக்குப் பின்னால் ஆபத்து கூடலாமே தவிர, ‘வந்துட்டுப் போச்சு’ என்பதால் குறையாது.

குட்டி பத்தாம் வகுப்பில் எட்டாவது பாடம், புள்ளியியலும் நிகழ்தகவும், படிக்கிறாள் என்றாய். இந்த ஆற்றையே அவளுக்குக் கணக்காகக் கொடு. ஒன்பது வருஷம் வெறும் மணல், பத்தாவது வருஷம் 100 பங்கு தண்ணீர். சராசரி 10. வரிசையாக அடுக்கினால் நடுவில் வருகிற இடைநிலை 0. இரண்டையும் பார்த்தால் சாதுவான ஆறு. பெரியதிலிருந்து சிறியதைக் கழித்து வருகிற வீச்சைக் கேள், 100 என்று சொல்லும். 2021 நவம்பரில் வாலாஜா அணைக்கட்டில் விநாடிக்கு ஒரு லட்சம் கன அடிக்கு மேல் போனது. அதற்கு முன் எத்தனை வருஷம் அந்த மணலில் பசங்கள் கிரிக்கெட் ஆடினார்கள் என்று உனக்கே தெரியும். 1903 வெள்ளத்துக்கு வாணியம்பாடியில் நினைவுத்தூண் இருக்கிறது. ஊர் வரும்போது குட்டிக்கு அதையும் காட்ட வேண்டும்.

ஊருக்குத் திரும்பி வந்து என் பக்கத்தில் இருக்கத்தான் மனை பார்க்கிறீர்கள், தெரியும். அதனால்தான் எனக்கு மனசு கேட்கவில்லை. மேட்டுத்தெருப் பக்கம் ஒரு மனை விலைக்கு இருக்கிறது. அளவு சிறியது, விலையும் கொஞ்சம் கூட. மாப்பிள்ளையிடம் நீயே பதமாகச் சொல், நான் சொன்னால் பாடம் எடுக்கிறேன் என்று நினைப்பார்.

அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் வாருங்கள். அந்த மனைக்குப் பின்னால் ஒரு மாட்டுக்கொட்டகை இருக்கிறதே, அதன் சுவரில் 2021-ல் தண்ணீர் நின்ற கறை இன்னும் போகவில்லை. குட்டியைப் பக்கத்தில் நிறுத்தி அளந்து பார்ப்போம். டேப் நான் எடுத்து வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
நைனா