இயற்கை மரபுக் களங்களை மதிப்பிடும் நிபுணர்களுக்கு

வணக்கம்.

யுனெஸ்கோவின் உலக மரபுப் பட்டியலில் உள்ள இயற்கைக் களங்களின் எதிர்காலத்தை 2014 முதல் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் (IUCN) பெயரில் மதிப்பிட்டு வருகிறீர்கள். களத்தின் சிறப்புகள் எந்த நிலையில் இருக்கின்றன, எந்த ஆபத்துகள் நெருக்குகின்றன, நிர்வாகம் எப்படி நடக்கிறது என்று மூன்றையும் தனித்தனியாகப் பார்க்கிறீர்கள். பட்டியலில் இடம் கிடைத்ததோடு கடமை முடிந்தது என்று அரசுகள் இருந்துவிடாதபடி இந்த மதிப்பீடு தடுக்கிறது. அதற்கு நன்றி.

ஆனால் மூன்று பதில்களும் கடைசியில் ஒரே தரமாகச் சுருங்கிவிடுகின்றன. செய்தியில் வருவதும் மக்கள் மனதில் நிற்பதும் அது மட்டும்தான். அங்கேதான் எனக்குச் சங்கடம்.

ஆஸ்திரேலியாவின் பவளத்திட்டுத் தொடரான கிரேட் பேரியர் ரீஃப் 2020-இல் மிக மோசமான தரத்துக்கு இறங்கியது. அந்தக் கடற்பரப்பில் மூன்றில் ஒரு பங்கில் 2004 முதல் மீன்பிடிக்கவே தடை. காவல் படகுகள் சுற்றுகின்றன, கண்காணிப்பும் நடக்கிறது. ஆனாலும் கோடையின் உச்ச வெப்பத்தைவிட ஒரு டிகிரி கூடி, அது சில வாரம் நீடித்தாலே போதும்: பவள உயிர் தன் திசுவுக்குள் வாழ்ந்து தனக்கு உணவூட்டும் பாசியை வெளியேற்றிவிடுகிறது. கண்ணாடி போன்ற சதை வழியே வெள்ளைச் சுண்ணாம்புக்கூடு தெரிகிறது. வெப்பம் தணியாவிட்டால் பட்டினியில் செத்துப்போகிறது. 2016, 2017, 2020 என்று அடுத்தடுத்து இது நடந்தது. எந்தக் காவலரால் இந்த வெப்பத்தைத் தடுத்து நிறுத்த முடியும்?

மேற்கு ஆப்பிரிக்க நாடான கோட் டிவாரின் கோமோயே தேசியப் பூங்காவின் கதை வேறு. உள்நாட்டுப் போரில் காவல் குலைந்தது, வேட்டையும் மேய்ச்சலும் பெருகின, 2003-இல் ஆபத்தில் உள்ள உலக மரபுக் களங்களுக்கான யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. அமைதி திரும்பிக் காவலும் திரும்பியபின் யானைகளும் சிம்பன்சிகளும் மீண்டும் தென்பட்டன. 2017-இல் அந்தப் பட்டியலிலிருந்து வெளியே வந்தது. அங்கே காவலும் ரோந்தும் காட்டைக் காப்பாற்றின.

இரண்டுக்கும் மருந்து ஒன்றல்ல. உங்கள் 2020 அறிக்கையிலேயே காலநிலை மாற்றம் முதல் அச்சுறுத்தலாகிவிட்டது. 252 களங்களில் 83 அதன் கடும் பிடியில் இருந்தன. தரத்தை மட்டும் பார்ப்பவர் களத்தில் நிற்கும் காவலரைக் குறை சொல்லிவிட்டுப் போவார். நிலக்கரிக்கு அனுமதி தரும் அமைச்சகத்தை யாரும் கேட்கப்போவதில்லை.

அதனால் ஒரு வேண்டுகோள். அடுத்த சுற்றில், ஒவ்வொரு தரத்துக்கும் பக்கத்திலேயே, அதே அளவு எழுத்தில், கேடு எல்லைக்கு உள்ளிருந்து வருகிறதா வெளியிலிருந்தா, அதைச் சரிசெய்யும் அதிகாரம் யார் கையில் இருக்கிறது என்று எழுதுங்கள். விவரம் உங்கள் பக்கங்களுக்குள் ஏற்கெனவே இருக்கிறது. அதை மேலே கொண்டுவந்தால் போதும்.

அன்புடன்,
உங்கள் அறிக்கைகளின் வாசகர்