ஸ்கிரீனை உன் பக்கம் திருப்பி வை

அன்புள்ள கதிரேசா,

உன் கடிதம் வந்து நாளாகிவிட்டது. தாமதத்துக்குக் காரணம் சொல்லப் புகுந்தால் அதுவே ஒரு பக்கம் ஓடும், விடு. வீட்டில் எல்லாரும் சௌக்கியம். சொக்கு மகள் கல்யாணப் பத்திரிகை உனக்கும் வந்திருக்கும். நம் கூட்டாளி தயிர்சாதம் வழக்கம்போல "வர்றேன் வர்றேன்" என்கிறான். வருவானா என்று உனக்கே தெரியும்.

நீ எழுதிய விஷயத்துக்கு வருகிறேன். உன் மருந்துக்கடையின் கவுண்டர் பையன் ஸ்கிரீனைத் திருப்பி, ஒரு அம்மா ஆறு மாதமாக வாங்கிய மருந்துக் கணக்கை அவள் புருஷனுக்குக் காட்டிவிட்டான். "பணம் கட்டுறது புருஷன், கணக்குல இருக்கறதும் அவன் போன் நம்பர்தான், பொண்டாட்டி என்ன மருந்து வாங்குறாள்னு அவனுக்குக் காட்டினா என்னடா தப்பு?" என்று கேட்டிருக்கிறாய். நமக்குப் பாடம் எடுத்த ஆர்.எஸ். சார் காதில் இது விழுந்திருந்தால் மறுபடியும் உன்னைக் கல்வத்தில் அரைக்கவிட்டிருப்பார்.

தப்புதான். பணம் கட்டியவருக்கு உரியது அன்றைய பில். ஆறு மாதமாக அந்த அம்மா வாங்கிய எஸ்சிடலோபிராம் என்ற மனநல மருந்தின் பட்டியல் அவருக்கு உரியதல்ல. வீட்டு ஆள் யாராவது சீட்டோடு வந்தால் மருந்தைக் கையில் கொடுக்கிறோம். அதில் தவறே இல்லை, நம் ஊரில் பாதி வியாபாரம் அப்படித்தான் நடக்கிறது. சீட்டைக் கொடுத்தனுப்பியதே நோயாளியின் சம்மதம். ஆனால் அந்தச் சம்மதம் அந்த ஒரு சீட்டோடு முடிந்தது. போன மாதம் என்ன, வேறு எந்த டாக்டர், எத்தனை நாளாக என்பதெல்லாம் அந்தச் சீட்டில் இல்லை. உன் பையன் ஸ்கிரீனைத் திருப்பிக் காட்டியபோது மருந்து எதுவும் விற்கவில்லை, கேட்டவருக்குத் துப்புத்தான் கொடுத்தான்.

"சட்டத்துல எங்கடா இருக்கு?" என்று அடுத்து கேட்பாய். 2015 ஃபார்மசி பிராக்டீஸ் ரெகுலேஷன்ஸை எடுத்துப் பார். தொழிலின் வழியாகத் தெரியவந்த நோயாளியின் ரகசியத்தை வெளியே சொல்வது அதில் ஒழுங்கீனம். நீதிமன்ற உத்தரவு, குறிப்பிட்ட ஒருவருக்கோ சமூகத்துக்கோ கடும் ஆபத்து, அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோய், இவைதான் விலக்கு. அதே ரெகுலேஷன்ஸ்படி பதிவேடுகளை 5 வருஷம் வைத்திருக்க வேண்டும். நோயாளியோ அவர் அதிகாரம் கொடுத்த ஆளோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். அதிகாரம் கொடுத்த ஆள் என்பதைக் கவனி. தாலி கட்டியதால் அந்த அதிகாரம் தானாக வந்துவிடாது.

மனநல மருந்து என்றால் 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தில் ரகசியம் காக்கச் சொல்லும் 23-ஆம் பிரிவும் சேர்ந்துகொள்ளும். நியமனப் பிரதிநிதிக்கு (நோயாளியின் சார்பில் நிற்க நியமிக்கப்பட்டவருக்கு) விவரம் தரலாம் என்று அதில் விலக்கு இருக்கிறது, உறவினரும் அந்த இடத்தில் நிற்க முடியும். ஆனால் கூட இருந்து பார்த்துக்கொள்வதற்காகத்தான் அந்த விலக்கு. அவளுக்குத் தெரியாமல் கவுண்டரில் விசாரிக்கிறவருக்கு அது பொருந்தாது.

அதைவிடப் பெரிய கோளாறு, மருந்துப் பெயரை வைத்து வீட்டுக்காரர்கள் நோயைத் தாங்களே தீர்மானித்துக்கொள்வது. அமிட்ரிப்டிலின் 10 மில்லிகிராம் ஒற்றைத் தலைவலிக்கும் நரம்பு வலிக்கும் எழுதுகிறார்கள். போனில் தேடினால் "மனச்சோர்வு" என்று வரும். சர்க்கரையால் கால் எரிகிறவருக்கு டுலோக்சிடின், தேடினால் அதற்கும் அப்படித்தான் வரும். குழந்தைக்காகச் சிகிச்சை எடுக்கிற பெண்ணுக்கு மாதவிடாயின் இரண்டாம் மூன்றாம் நாளிலிருந்து 5 நாள் லெட்ரோசோல். தேடினால் மார்பகப் புற்றுநோய். டெனோஃபோவிர் மஞ்சள் காமாலை பி வகைக்கும் உண்டு, எச்.ஐ.வி.க்கும் உண்டு. எதற்காக எழுதினார் என்று டாக்டர் சொல்லாமல் உனக்கே தெரியாதே, உன் பையன் காட்டிய பட்டியலைப் பார்த்து அந்த மனிதர் என்ன முடிவுக்கு வந்தாரோ!

பையனைத் திட்டியதாக எழுதியிருந்தாய். அவனை விடு, உன் பில்லிங் சாஃப்ட்வேரைப் பார். ஒரு வீட்டுக்கு ஒரே போன் நம்பர். மாமனாரின் மெட்ஃபார்மின், மருமகளின் தைராய்டு மாத்திரை, காலேஜ் போகிற பையனின் முகப்பரு மருந்து எல்லாம் ஒரே கணக்கில் வரிசையாக நிற்கும். நம்பரைச் சொன்னால் வீடே திறந்துகொள்ளும். போதாததற்கு பில் போட்டவுடன் வாட்ஸ்அப்பில் அதுவாகவே போய்விடுகிறது. அந்த அம்மா நேரில் வந்து, காசு கொடுத்து, கவரை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு போயிருப்பாள். அவள் வீடு போய்ச் சேருமுன் மருந்துப் பெயர், எண்ணிக்கை, டாக்டர் பெயரோடு பில் புருஷன் போனில் இருக்கும். அவர் கடைக்கு வந்ததே அதைப் பார்த்துத்தான் என்று நினைக்கிறேன்.

சாஃப்ட்வேர்காரரைக் கூப்பிட்டு முதலில் தானாகப் போகும் மெசேஜை நிறுத்தச் சொல். கேட்கிறவர்களுக்கு மட்டும், அவர்கள் சொல்லும் எண்ணுக்கு அனுப்பு. அப்புறம் ஒவ்வொரு ஆளுக்கும் தனிக் கணக்கு. வீட்டு நம்பர் ஒன்றாகவே இருந்தாலும் பெயரும் வயதும் வேறு வேறாக இருக்கட்டும். கவுண்டர் பையனுக்கு ஒரு லாகின், உனக்கு ஒன்று. அவன் லாகினில் பில் போடவும் ஸ்டாக் பார்க்கவும் முடிந்தால் போதும், பழைய பில் திறக்கக் கூடாது. பாஸ்வேர்டை மானிட்டர் ஓரத்தில் ஒட்டிவைக்கிற உன் பழக்கம் எனக்குத் தெரியும். அதைக் கிழி.

பில்லில் மருந்துப் பெயரை மறைக்கலாமா என்று கேட்காதே. பெயர், பேட்ச், எக்ஸ்பைரி எல்லாம் இருந்தே ஆக வேண்டும், டாக்டர் சீட்டு இருந்தால்தான் விற்கக்கூடிய ஷெட்யூல் எச் மருந்துக்கு அந்த பில்லே ஒரு பதிவு. மறைக்க முடியாது, அது யார் கைக்குப் போகிறது என்பதைப் பார்த்துக்கொள்ளலாம். 2023 டிஜிட்டல் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் விதிகளும் 2025 நவம்பரில் வந்துவிட்டன. கடமைகள் படிப்படியாக அமலாகும். சின்னக் கடைதானே என்று இருந்துவிடாதே.

பையனுக்கு ஒரே ஒரு வாசகம் சொல்லிக்கொடு: "அண்ணே, சீட்டு கொண்டாங்க, இல்லாட்டி அவங்களையே கடைக்கு ஒரு போன் போடச் சொல்லுங்க. அடுத்தவங்க கணக்கை யாருக்கும் பார்த்துச் சொல்றதில்ல." பாராசிட்டமால் வாங்கிய கணக்கானாலும் இதையேதான் சொல்ல வேண்டும். சாதாரண மருந்து என்றால் சொல்லிவிட்டு, சிக்கலான மருந்துக்கு மட்டும் "அது முடியாதுண்ணே" என்று இழுத்தால் அந்த இழுப்பே பதில் சொல்லிவிடும். "அவங்க இங்க வாங்குறதில்லையே" என்று பொய்யும் வேண்டாம். நாளைக்கு உண்மையிலேயே வாங்காத ஒருவருக்கு எதைச் சொல்வான்? சந்தேகமாக இருந்தால் நோயாளிக்கு நீயே போன் போடு, ஆனால் கேட்க வந்தவர் தருகிற நம்பருக்குப் போடாதே. மாதாந்திர மருந்து தீரும்போது போன் செய்து ஞாபகப்படுத்துகிறாயே, அதிலும் எடுத்தவரிடம் மருந்துப் பெயரைச் சொல்லாதே. "அவங்க இருக்காங்களா, கடைக்குப் பேசச் சொல்லுங்க" என்றால் போதும்.

எச்1 நோட்டை, கூடுதல் கட்டுப்பாடுள்ள மருந்துகளை எழுதுகிற பதிவேட்டை, எங்கே வைத்திருக்கிறாய்? கல்லாவுக்குப் பக்கத்தில் விரித்தபடிதானே? அல்பிரசோலம், சோல்பிடெம், டிரமடால், ரிஃபாம்பிசின் எல்லாம் அதில் பெயரோடு ஏறுகின்றன. தெருக்காரர் சில்லறைக்கு நிற்கிற நேரத்தில் ஒரு பக்கம் முழுக்கப் படித்துவிடலாம். 3 வருஷம் வைத்திருக்க வேண்டிய நோட்டு, இன்ஸ்பெக்டர் வந்தால் காட்ட வேண்டியது. மற்ற நேரம் டிராயரில் இருக்கட்டும். டிபி மருந்து கொடுத்தால் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2018 மார்ச்சில் வந்த அறிவிக்கையும் அரசுக்குத்தான், மாமியாருக்கு அல்ல. இன்னொன்று, வைத்திருக்க வேண்டிய 5 வருஷம் முடிந்த பழைய சீட்டு நகல்களை எடைக்குப் போடாதே. ஒருத்தர் பெயரும் மருந்தும் வடை மடிக்கிற பேப்பராக அவர் தெருவுக்கே திரும்பி வரும். கிழித்து நனைத்துக் குப்பையில் போடு.

சம்மதச் சீட்டு ஒன்று அரைப் பக்கத்தில் அடித்து வை. "என் மருந்து விவரங்களை இன்னாரிடம் (உறவு, போன்) சொல்லலாம். எல்லா மருந்தும் / இந்தச் சீட்டு மட்டும். வேண்டாம் என்று நான் எப்போது சொன்னாலும் ரத்து." கீழே தேதி, கையெழுத்து. நோயாளி தனியாக வருகிற நாளில் இதைக் கேள். புருஷனையும் மாமியாரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேட்டால் எந்தப் பெண்ணும் தலையாட்டத்தான் செய்வாள்.

இவ்வளவும் படித்துவிட்டு வாயே திறக்காமல் இருந்துவிடாதே. நீ இந்தக் கோடியை விட்டால் அந்தக் கோடிக்குப் போவாய் என்று எனக்குத் தெரியும். வயதானவருக்கு மூட்டுவாதத்துக்கு மெத்தோட்ரெக்ஸேட் எழுதி, வாங்க வருவது மகன் என்றால் அவரிடம் சொல்லித்தான் ஆக வேண்டும். வாரத்துக்கு ஒரு நாள் மாத்திரை அது. தினமும் போட்டால் எலும்பு மஜ்ஜை சுருண்டுவிடும், வாய் புண்ணாகும், உயிரே போகும். கவரில் "வாரம் 1" என்று எழுதாதே, "வியாழன் மட்டும்" என்று கிழமையோடு எழுது. ஃபோலிக் ஆசிடுக்கு வேறு கவர், வேறு கிழமை. வார்ஃபரின், இன்சுலின், மறதி நோய்க்காரரின் மருந்து எல்லாமே இப்படித்தான். கையில் இருக்கிற மருந்தைப் பத்திரமாகக் கொடுக்க என்ன தெரிய வேண்டுமோ அது முழுவதையும் சொல். மாத்திரைகளை மொத்தமாக விழுங்கிவிட்டார் என்று ஆஸ்பத்திரியிலிருந்து டாக்டர் பேசினால் தயங்கவே கூடாது. ஆஸ்பத்திரி நம்பருக்கு நீ திருப்பி அடித்து உறுதி செய்துகொண்டு எந்த மருந்து, எத்தனை, எந்தத் தேதியில் கொடுத்தது என்று உடனே சொல். வீட்டு ஆட்கள் ஓடிவந்தால் காலி அட்டைகளை எடுத்துக்கொண்டு போகச் சொல், 108-க்குப் போன் போடு.

எனக்கு உண்மையில் கவலை தருவது இரண்டு இடம். ஒன்று டைசல்ஃபிரம். "அவருக்குத் தெரியாம சாம்பார்ல கலந்துடறேன், குடியை விட்டுடுவார்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒரு அம்மா வந்து நிற்பாள். மனசு இளகும். கொடுக்காதே. குடித்து 12 மணி நேரமாவது ஆகாமல் அந்த மாத்திரை உள்ளே போகக் கூடாது. போனபின் குடித்தால் முகம் சிவந்து, வாந்தி வந்து, ரத்த அழுத்தம் விழுந்து சாகவும் கூடும். நிறுத்தி இரண்டு வாரம் வரைக்கும் அந்த ஆபத்து உண்டு. தன் உடம்பில் என்ன ஓடுகிறது என்று தெரியாதவன் எப்படி ஜாக்கிரதையாக இருப்பான்? குடிநோய் சிகிச்சைக்கு அவரைக் கூட்டிவரச் சொல், இடம் எங்கே என்று நீயே எழுதிக்கொடு.

மற்றொன்று சம்பந்தம் விசாரிக்க வருகிறவர்கள். டீக்கடையில் விசாரித்த கையோடு மெடிக்கலுக்கும் வருவார்கள். ஒரு சோடா வாங்குவார்கள், "பொண்ணுக்கு ஃபிட்ஸ் கிட்ஸ் ஏதும்..." என்று மெல்லத் தொடங்குவார்கள். நீயோ ஊரில் எல்லாருக்கும் மாமா, பெரியப்பா. "ஒரு குடும்பம் ஏமாறக் கூடாதே" என்று உனக்குள்ளும் தோன்றும். 1998 உச்ச நீதிமன்றத் தீர்ப்பைச் சிலர் தூக்கிக்கொண்டு வருவார்கள், எச்.ஐ.வி. இருந்த மாப்பிள்ளை விஷயத்தில் ஆஸ்பத்திரி சொன்னது சரி என்றார்களே என்று. அதற்கப்புறம் 2017 எச்.ஐ.வி. சட்டம் வந்து, 2018 செப்டம்பரில் அமலாகிவிட்டது. துணைவருக்குச் சொல்வதானால் டாக்டரோ ஆலோசகரோதான், அதுவும் நிபந்தனைகளோடு. அந்தப் பட்டியலில் கடைக்காரன் இல்லை. வலிப்புக்கு வால்ப்ரோயேட் சாப்பிடுகிற பெண்ணுக்குக் கல்யாணம் என்று தெரிந்தால் அவளிடமே தனியாகச் சொல்: கர்ப்பத்தில் குழந்தையைப் பாதிக்கும் மருந்து அது, இப்போதே நரம்பு டாக்டரைப் பார்த்து மாற்றலாமா என்று கேட்கட்டும், தானாக நிறுத்திவிட வேண்டாம். உன் படிப்பு அவளுக்குப் பயன்படுவது அங்கேதான். மாப்பிள்ளை வீட்டுக்கு உன்னிடம் சோடா மட்டும்தான் இருக்கிறது.

இப்போது அந்த அம்மா. நேரில் போய் மன்னிப்புக் கேள், முடிந்தால் தங்கச்சியையும் கூட்டிக்கொண்டு போ. எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை கணக்கு காட்டப்பட்டது, வேறு யார் பார்த்தார்கள் என்று மழுப்பாமல் சொல். கணக்கைப் பிரித்துவிட்டதாகவும் சொல், அதற்குமுன் பிரித்துவிடு. வேறு கடையில் வாங்கிக்கொள்கிறேன் என்றால் பழைய சீட்டுகளின் நகலைக் கொடுத்தனுப்பு. வாட்ஸ்அப்பில் மட்டும் எதையும் அனுப்பித் தொலைக்காதே, உன்னிடம் இருக்கிற நம்பர் புருஷனுடையது.

சொக்கு வீட்டுக் கல்யாணத்துக்கு முதல் நாளே வந்துவிடு. தயிர்சாதத்தை நீதான் இழுத்து வர வேண்டும், என்னால் ஆகாது.

அன்புடன்,
பாலு