ஸ்கூட்டருக்கு மூணு பேஸ் எதுக்கு?

ராஜபாளையம்
ஞாயிறு காலை

அன்புள்ள பாப்பாவுக்கு,

நாங்கள் நலம். நீயும் நலம்தானே? போன் போட்டால் "சரிப்பா சரிப்பா, அப்புறம் கூப்பிடுறேன்" என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

நீ அனுப்பிய வண்டி போட்டோ பார்த்தேன். பச்சை நம்பர் பிளேட்டில் வெள்ளை எழுத்து, பார்க்க எடுப்பாக இருக்கிறது. ஓசூரில் செய்த வண்டி என்று எதிர்வீட்டு வாத்தியார், பால்காரர், ரேஷன் கடையில் வரிசையில் நின்றவர்கள் எல்லோரிடமும் காட்டியாகிவிட்டது. "சொந்தச் சம்பளத்துல வாங்கிருக்கா" என்று ஒவ்வொருவரிடமும் சொன்னேன். வாங்குவதற்கு முன்னால் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். மில்லில் எலக்ட்ரிகல் செக்‌ஷனில் 31 வருஷம் குப்பை கொட்டியவனுக்கு, மகள் கரண்ட் வண்டி வாங்கியது போட்டோ வந்த பிறகுதான் தெரிகிறது. சரி, போகட்டும்.

போட்டோவை விரலால் பெரிசாக்கிப் பார்த்தேன். வண்டிக்குப் பின்னால் ஜன்னல் கம்பி வழியாக ஒரு வெள்ளை ஒயர் இறங்குகிறது. அதன் முனையில், தரையில், எக்ஸ்டென்ஷன் பாக்ஸ். சார்ஜரை அதில்தான் சொருகியிருக்கிறாய். நங்கநல்லூர் வீட்டு ஜன்னலுக்குப் பச்சை பெயிண்ட் என்று எனக்கு ஞாபகம். இதில் பழுப்பாக இருக்கிறது. புதிதாக அடித்திருப்பீர்கள். வாசலில் ஒரு ஜோடி செருப்புதான் கிடந்தது என்று உன் அம்மா சொன்னாள். நான் ஒயரைத்தான் பார்த்தேன்.

அந்த எக்ஸ்டென்ஷன் பாக்ஸை முதலில் தூக்கி எறி. உன் சார்ஜர் இழுக்கும் கரண்ட் நம் வீட்டு இஸ்திரிப் பெட்டி அளவுக்குத்தான் இருக்கும். "இஸ்திரிப் பெட்டியே ஓடுதே" என்று நீ கேட்பாய். இஸ்திரி போடுவது பத்து நிமிஷம், அதிலும் சூடானதும் தானாகவே விட்டு விட்டு எடுக்கும். இது நாலைந்து மணி நேரம் மூச்சு விடாமல் இழுக்கும். உள்ளே ஏதாவது ஒரு பின் லூசாக இருந்தால் அந்த இடம் கொஞ்சம் கொஞ்சமாகச் சூடேறும். பிளாஸ்டிக் இளகும், அப்புறம் கருகும், எல்லாம் ராத்திரி நீ தூங்கும்போது நடக்கும். சுவரில் இருக்கும் பவர் பிளக்கில் நேராகப் போடு. ஒரு மணி நேரம் கழித்து, ஸ்விட்சை அணைத்துவிட்டு பிளக்கைத் தொட்டுப் பார். வெதுவெதுப்பு பரவாயில்லை. சுட்டால் எலக்ட்ரீசியனைக் கூப்பிட்டு பிளக்கை மாற்றச் சொல்.

வண்டியை ஓட்டிவந்த சூட்டோடு சார்ஜ் போடாதே, அரை மணி நேரம் ஆறட்டும். வெளியே போகிற ஒரே வழியில் வண்டியை நிறுத்தாதே. 2022 மார்ச்சில் வேலூரில் ராத்திரி சார்ஜில் போட்டுவிட்டுப் படுத்த ஒரு தகப்பனும் மகளும் போய்விட்டார்கள், நீயும் பேப்பரில் பார்த்திருப்பாய். அவர்களைக் கொன்றது நெருப்பு இல்லை, புகைதான். அதற்குப் பிறகு அந்த வருஷம் டிசம்பரிலிருந்தே பாட்டரிக்கு விதிகளை இறுக்கிவிட்டார்கள், உன் வண்டி அதற்கு அப்புறம் வந்தது, எல்லாம் எனக்கும் தெரியும். விதியெல்லாம் பாட்டரிக்குத்தான். எக்ஸ்டென்ஷன் பாக்ஸுக்கு யார் விதி போடுவது?

இங்கே ஒரு விசேஷம். நம் வீட்டுக்கு மூணு பேஸ் கரண்ட் வந்துவிட்டது, ஒரு லைனுக்குப் பதிலாக மூணு லைன்.

ஈ.பி. ஆபீஸில் காரணம் கேட்டார்கள். மகள் எலக்ட்ரிக் ஸ்கூட்டர் வாங்கியிருக்கிறாள் என்றேன். "ஸ்கூட்டருக்கு மூணு பேஸ் எதுக்கு சார்? முழுசா ஏத்தினாலே மூணரை, நாலு யூனிட்தான்" என்று அந்தத் தம்பி சிரித்தார். அவர் சொன்னது சரிதான். மாடி அறைக்கு ஏ.சி. போடப்போகிறேன், ஹீட்டர், மோட்டார் எல்லாம் இருக்கிறது என்று வரிசையாகச் சொல்லி லோடைக் கூட்டி எழுதிக் கொடுத்தேன். பணம் கட்டி, வயரிங் டெஸ்ட் ரிப்போர்ட் கொடுத்து, கம்பத்திலிருந்து புது சர்வீஸ் ஒயர் இழுத்து, மீட்டரையும் மாற்றியாயிற்று. மாடி அறை என்றால் உன் அறைதான். ஒரு பேஸ் போனால் இன்னொன்றுக்குத் தள்ளிவிட சேஞ்ச் ஓவர் ஸ்விட்ச் இருக்கிறது. போர்ட்டிகோ தூணில் ஒரு பவர் பிளக், அதற்கு மெயின் போர்டிலிருந்து தனியாகத் தடிமனான 4 ஸ்கொயர் ஒயர். வேறு எதையும் அதில் மாட்டக்கூடாது என்று உன் அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். "வருஷத்துக்கு ரெண்டு நாள் வர்ற பிள்ளைக்கு இவ்வளவு செலவா?" என்றாள். மெட்ராஸிலிருந்து இவ்வளவு தூரம் அந்த வண்டியை ஓட்டிக்கொண்டு வரமுடியாது என்பதும் அவளுக்குத் தெரியும். அதற்கு மேல் கேட்கவில்லை.

எர்த் குழியும் புதிதாகத் தோண்டினோம். கொல்லையில், கறிவேப்பிலை மரத்துக்குப் பக்கத்தில். குழாயை இறக்கி, சுற்றிலும் கரியும் உப்புமாகப் போட்டு, தண்ணீர் ஊற்றுவதற்கு மேலே ஒரு புனல். தோண்டின பையன் பழைய எர்த் ஒயர் எங்கே என்று தேடினான். சமையலறை பிளக்கைக் கழற்றினால், மேலே இருக்கிற பெரிய ஓட்டைக்குப் பின்னால் ஒன்றுமே இல்லை. "இத்தனை வருஷம் எர்த் இல்லாமயா சார் ஓட்டுனீங்க?" என்றான். நான் பதில் சொல்லவில்லை.

அப்புறம் போர்டில் ஈ.எல்.சி.பி. என்று ஒரு டப்பா மாட்டினோம். 30 மில்லி ஆம்பியர் கரண்ட் கசிந்தால் போதும், கண் மூடித் திறப்பதற்குள் லைனைத் தட்டிவிட்டுவிடும். முதல் நாளே மூன்று தடவை தட்டியது. பையன் "டைரக்ட் பண்ணிரவா சார்?" என்றான். ஊரில் பாதி வீட்டில் இப்படித்தான் டப்பாவைத் தாண்டி லைனைக் கொடுத்துவிட்டு, அதை வெறும் அலங்காரமாக வைத்திருக்கிறார்கள். வேண்டாம் என்று ஒவ்வொரு பிளக்காகக் கழற்றிப் பார்த்தேன். கடைசியில் கிரைண்டர்.

அந்த கிரைண்டர்தான் பாப்பா. நீ இரண்டாம் வகுப்பு படிக்கும்போது வாங்கியது.

வாங்கின மாதமே உன் அம்மா, "மாவைத் தள்ளிவிடும்போது சுருக்குன்னு இழுக்குதுங்க" என்றாள். ஈரக் கையோடு தொட்டால் இழுக்கத்தான் செய்யும் என்றேன். மறுபடி சொன்னாள். நான் மில்லிலிருந்து வந்த அலுப்பில், மணைப்பலகையை எடுத்துக் கீழே போட்டு, இதன்மேல் நின்று ஆட்டு என்றேன். இத்தனை வருஷமும் பலகைமேல் நின்றுதான் மாவு ஆட்டினாள். நீயும் அதன்மேல் நின்று மாவு தள்ளியிருக்கிறாய். மில்லில் ஒவ்வொரு மோட்டாருக்கும் கசிவு இருக்கிறதா என்று மெக்கர் மீட்டர் வைத்துப் பார்த்து நோட்டில் கையெழுத்துப் போட்டவன் நான். வீட்டில் ஒரு குழி தோண்ட எனக்கு நேரம் இல்லை. அவள் சொன்னது பொய் இல்லை என்று சொல்ல ஒரு டப்பா வர வேண்டியிருந்தது. அன்றைக்கு அவளிடம் "நீ சொன்னது நிஜம்தான்" என்றேன். "எது?" என்று கேட்டாள். மறந்தே போய்விட்டாள், இல்லாவிட்டால் மறந்த மாதிரி இருக்கிறாள்.

போன தீபாவளிக்கு முந்தின தீபாவளி. கிணற்றடியில் பல் துலக்கிக்கொண்டிருந்தேன். நீ வந்து நின்று ஏதோ சொல்ல ஆரம்பித்தாய். நான் முழுசாகக் கேட்கவில்லை. "எல்லா வீட்லயும் இருக்கிறதுதான், கொஞ்சம் அனுசரிச்சுப் போ" என்றேன். நீ வாளியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாய். எனக்கு இப்போது அந்த வாளிச் சத்தம்தான் ஞாபகம் இருக்கிறது. உனக்கும் நான் ஒரு பலகையைத்தான் எடுத்துப் போட்டிருக்கிறேன்.

சரி. கிரைண்டரைப் பழைய இரும்புக் கடைக்குப் போட்டாயிற்று. புது டேபிள்டாப் வாங்கியிருக்கிறோம், சத்தம் குறைவு, மாவு பழைய மாதிரி வரவில்லை என்று உன் அம்மா குறை சொல்கிறாள். பலகையைக் கொடுக்க மாட்டேன் என்று மாடிப்படிக்குக் கீழே வைத்திருக்கிறாள்.

எலக்ட்ரீசியன் பையன் போர்டில் ஒவ்வொரு எம்.சி.பி. ஸ்விட்சுக்குக் கீழும் பெயர் எழுதி ஒட்டச் சொன்னான். மோட்டார், ஹீட்டர், கிச்சன் என்று எழுதினேன். மாடி அறைக்கு "மாடி" என்றுதான் எழுதினேன். உன் அம்மா அதைக் கிழித்துவிட்டு "பாப்பா" என்று எழுதி ஒட்டியிருக்கிறாள். போர்ட்டிகோ பிளக்குக்கு இன்னும் எழுதவில்லை.

நீ இருக்கும் வீட்டுக்காரரிடம், பார்க்கிங்கில் உன் மீட்டரிலிருந்து ஒரு தனி லைன் இழுத்துக்கொள்ளக் கேள். செலவை நான் அனுப்புகிறேன். தனி லைன், தனி எம்.சி.பி., ஒழுங்கான எர்த். கேட்கக் கூச்சமாக இருந்தால் வீட்டுக்காரர் நம்பரை எனக்கு அனுப்பு, நான் பேசுகிறேன். வேறு எதுவும் கேட்க மாட்டேன், வயரிங் மட்டும் பேசுகிறேன். முறுக்கு சுட்டு வைத்திருக்கிறாள், எந்த விலாசத்துக்கு அனுப்பவேண்டும் என்றும் எழுது.

அன்புடன்,
அப்பா

பி.கு.: எக்ஸ்டென்ஷன் பாக்ஸை எடுத்துவிட்டாயா?