ஊசி போட்ட குதிரை எருவுக்கு ஆகாது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு விவசாயப் பக்கத்தில், செத்த மாடு, குதிரைகளை மரத்தூளில் மூடி வைத்து எருவாக்கலாம் என்று எழுதியிருந்தீர்கள். நல்ல யோசனைதான். ஆனால் அந்தப் பிராணி எப்படிச் செத்தது என்று கேட்கவே இல்லையே!

இங்கே சுங்கை சிப்புட் பக்கம் குதிரை வளர்க்கும் ஒருவரிடம் சாணம் சும்மாவே கிடைக்கும், நானும் கத்தரிக்கும் வெண்டைக்கும் மூட்டை மூட்டையாக எடுத்து வந்து போடுவேன். சென்ற வருடம் கால் முறிந்த ஒரு கிழக்குதிரையை டாக்டர் ஊசி போட்டுத் தூங்க வைத்தார். வலியில்லாமல் உயிர் போனது, அதில் எனக்குக் குறையில்லை. உடலைச் சாணக் குவியலுக்குள்ளேயே தள்ளி மேலாக மூடிவிட்டார்கள். மூன்றாம் நாள் நாய்கள் தோண்டிவிட்டன. எங்கள் லயத்து நாய் இரண்டு நாள் கண் திறக்காமல் கிடந்தது, யாரோ விஷம் வைத்துவிட்டார்கள் என்று பக்கத்து வீட்டோடு சண்டையே வந்துவிட்டது. அப்புறம் நாய் எதைத் தின்றது என்று டாக்டர் விசாரித்தபோதுதான் விஷயம் புரிந்தது.

அந்த மருந்தின் பெயர் பெண்டோபார்பிட்டால். 450 கிலோ குதிரைக்குச் சுமார் 100 மில்லி போகிறது, கல்லீரல், இறைச்சி என்று உடம்பு முழுக்கப் பரவி அங்கேயே தங்கிவிடுகிறது. குவியல் 55, 60 டிகிரி சூடேறினால் கிருமி சாகும், சரி, ஆனால் இந்த மருந்து லேசில் அழியாது. அமெரிக்காவில் குதிரைகளை எருவாக்கிச் சோதித்தபோது பல மாதம் கழித்தும் எருவில் இருந்திருக்கிறது. இப்படிப்பட்ட உடல்களைத் தின்று அங்கே கழுகுகள் செத்ததால்தான் 2003-ல் மருந்துப் புட்டியிலேயே எச்சரிக்கை போட வைத்தார்கள். மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபெனாக் என்ற வலி மருந்து இந்தியாவில் பிணந்தின்னிக் கழுகுகளைக் கூட்டம் கூட்டமாகக் கொன்று, 2006-ல் கால்நடைகளுக்குத் தடை செய்யப்பட்டதையும் நம்மவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

தானாகச் செத்ததா, ஊசியா என்று முதலில் கேளுங்கள். ஊசி என்றால் எரித்துவிட வேண்டும், முடியாவிட்டால் கிணறு, ஆறு பக்கம் இல்லாத இடத்தில் அன்றைக்கே ஆழமாகப் புதைக்க வேண்டும். எருவாக்கத்தான் போகிறோம் என்றால் டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லிவிடலாம், உடம்பில் இந்த மருந்து தங்காத வேறு வழியும் அவர்களிடம் உண்டு.

வரும் ஞாயிறு அதே பக்கத்தில் இதைப் பெரிய எழுத்தில் போடுங்கள் ஐயா. உங்கள் கட்டுரையை வெட்டி வைத்திருப்பவர்கள் எங்கள் தோட்டத்திலேயே இரண்டு பேர் இருக்கிறார்கள்.

இப்படிக்கு,
தோட்டத்து வாசகர், சுங்கை சிப்புட், பேராக்