கணக்கு அக்காவுக்கும் உடன் நின்ற அனைவருக்கும் நன்றி

அன்புடையவர்களே,

எங்கள் கணினிகள் மீண்டும் இயங்குகின்றன. கணக்குகள் திரும்பிவிட்டன, வாடிக்கையாளர் பட்டியல் திரும்பிவிட்டது, ஊழியர்களின் சம்பளமும் போய்ச் சேர்ந்துவிட்டது. என்ன நடந்தது என்பது உங்களில் பெரும்பாலோருக்குத் தெரியும். பலர் கூடவே இருந்தீர்கள். அதை மறுபடி சொல்ல மனம் வரவில்லை. எங்கள் கணினிகளுக்குள் புகுந்து கோப்புகளைப் பூட்டிவிட்டு, திறக்க வேண்டுமானால் பணம் கொடு என்று மிரட்டியவர்களுக்கு நாங்கள் எதுவும் கொடுக்கவில்லை, கொடுக்க வேண்டிய நிலையும் வரவில்லை என்பதை மட்டும் மன நிறைவோடு சொல்லிக்கொள்கிறேன். அந்த நிலை வராமல் காத்தவர்களுக்குத்தான் இந்த மடல்.

முதல் நன்றி, இப்போது எங்களிடம் வேலையில் இல்லாத ஒருவருக்கு. பல ஆண்டுகள் எங்கள் கணக்குகளைப் பார்த்துவிட்டு ஓய்வு பெற்றுப் போன கணக்கு அக்காவுக்கு. அவருக்குக் கணினித் துறைப் படிப்பு எதுவும் கிடையாது. பேக்கப், அதாவது கோப்புகளுக்குப் பாதுகாப்பு நகல், எடுப்பதுகூட அவர் பொறுப்பு அல்ல. அதற்கு வேறொருவர் இருந்தார். ஆனால் ஒவ்வொரு மாதக் கடைசியிலும், எல்லோரும் கிளம்பும் நேரத்தில், அக்கா அந்த நகல் இருக்கும் ஹார்டு டிஸ்க்கை வாங்கிப்போய் வேறொரு கணினியில் செருகுவார். அதிலிருந்து ஏதாவது ஒரு கோப்பைத் திறப்பார். அதில் உள்ள கூட்டுத்தொகையைத் தன் கையிலிருக்கும் அச்சுப் பிரதியோடு ஒப்பிடுவார். பிறகு ஒரு நோட்டில் ஒரு வரி எழுதி வைப்பார். யாரும் அவரிடம் கேட்டுக்கொண்ட வேலை அல்ல இது. ஓய்வு பெறும்போது, தன் இடத்துக்கு வந்த இளம்பெண்ணிடம் சாவிக்கொத்தோடு அந்த நோட்டையும் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். அந்தப் பெண்ணும் ஒரு மாதம்கூட விடாமல் அதைத் தொடர்ந்திருக்கிறார்.

கோப்புகள் பூட்டப்பட்ட அந்த வாரத்தில் எங்கள் முன் இருந்த கேள்வி ஒன்றுதான்: டிஸ்க் இருக்கிறது, அதில் உள்ளது திறக்குமா? அந்தப் பெண் ஒன்றும் பேசாமல் நோட்டை எடுத்துவந்து மேசையில் விரித்தார். அக்காவின் சாய்ந்த கையெழுத்து. "விற்பனைக் கணக்கு. திறந்தது. கூட்டு சரி." அடுத்த மாதம்: "சம்பளப் பட்டியல். திறந்தது. சரி." இன்னும் சில பக்கங்கள் தள்ளி ஒரு வரி சிவப்பு மையில் இருந்தது: "வரவேண்டிய பாக்கி. திறக்கவில்லை. கணக்கு மென்பொருளை மூடாமல் நகல் எடுத்திருக்கிறார்கள். எல்லோரையும் மூடச் சொல்லி மறுபடி எடுத்தேன். திறந்தது."

அந்தச் சிவப்பு வரியைப் படித்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. கணினித் திரை அன்றைக்கும் "பேக்கப் வெற்றி" என்றுதான் காட்டியிருக்கும். மென்பொருள் திறந்திருக்கும்போது அதன் தரவுக் கோப்பில் எழுத்து நடந்துகொண்டே இருக்கும்; அந்த நேரத்தில் சாதாரணமாக நகல் எடுத்தால் பாதி பழையதும் பாதி புதியதுமாக ஒரு கோப்பு கிடைக்கலாம். அளவு சரியாக இருக்கும், பெயர் சரியாக இருக்கும், திறக்க மட்டும் திறக்காது. இதை எந்தப் பச்சை அடையாளமும் சொல்லாது, ஒருவர் உட்கார்ந்து திறந்து பார்த்தால்தான் தெரியும். அந்தச் சிவப்பு வரிக்குப் பிறகுதான், பேக்கப் எடுப்பதற்கு முன் எல்லோரும் மென்பொருளை மூட வேண்டும் என்பது எங்கள் அலுவலகத்தில் வழக்கமாயிற்று. அந்த வழக்கம் எங்கிருந்து வந்தது என்றே பலருக்குத் தெரியாது.

அக்காவின் இன்னொரு பழக்கத்தையும் சொல்ல வேண்டும். கோப்புப் பெயரை எப்போதும் ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில்தான் தொடங்குவார், மாதத்தையும் நாளையும் இரண்டு இலக்கத்தில் எழுதி. பெயர் வரிசையில் அடுக்கினாலே காலவரிசை தானாக வந்துவிடும். "கடைசி", "புதிய கடைசி" என்றெல்லாம் பெயர் வைக்க விடமாட்டார். எந்த நாள்வரைக்குமான கணக்கு நம் கையில் இருக்கிறது என்பதை அன்று நொடியில் கண்டுகொண்டோம் என்றால் அது இதனால்தான். சாதாரண நாட்களிலும் இது எவ்வளவு நேரத்தை மிச்சப்படுத்தியிருக்கிறது என்று இப்போது நினைத்துப் பார்க்கிறேன்.

எல்லாம் சரியானதும் அக்காவுக்குத் தொலைபேசினேன். நான் நன்றி சொல்லத் தொடங்கும் முன்பே, "சம்பளம் போட்டாயிற்றா தம்பி?" என்று கேட்டார். போட்டாயிற்று என்றேன். "அப்பாடா" என்றார். நோட்டைப் பற்றிச் சொன்னதும், "கணக்கு எழுதினால் கூட்டிச் சரிபார்க்க வேண்டாமா? அதைத்தானே செய்தேன்" என்றார். அதற்கு மேல் அவர் பேச விடவில்லை. அக்கா, நீங்கள் பேச விடாததையெல்லாம் இங்கே எழுதிவிட்டேன். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

அடுத்த நன்றி, பக்கத்து அலுவலகத்தில் கணினிகளைப் பராமரிக்கும் தம்பிக்கு. "கேபிளைப் பிடுங்குங்கள், வைஃபையை அணையுங்கள், ஆனால் கணினியை அணைக்காதீர்கள்" என்று முதலில் சொன்னவர் அவர்தான். கணினி இயங்கிக்கொண்டிருந்தால் அதன் நினைவகத்தில் தடயங்கள் மிஞ்சியிருக்கும்; அணைத்தால் போய்விடும். 2017இல் வானாக்ரை என்ற, கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் தீநிரல் தாக்கியபோது, மறுபடி துவக்கப்படாத சில பழைய விண்டோஸ் கணினிகளில் நினைவகத்திலிருந்தே பூட்டைத் திறக்கும் சாவியை மீட்க முடிந்ததை அவர் எடுத்துச் சொன்னார். ஐரோப்பிய ஒன்றியத்தின் காவல் அமைப்பான யூரோபோலும் நெதர்லாந்து காவல்துறையும் கணினிப் பாதுகாப்பு நிறுவனங்களும் சேர்ந்து 2016இல் தொடங்கிய 'நோ மோர் ரான்சம்' தளத்தில் எங்களைத் தாக்கிய வகைக்கு இலவச மீட்புக் கருவி இருக்கிறதா என்று தேடினார். இல்லை என்று தெரிந்ததும் சோர்ந்துவிடாமல், ஒரு கணினியை முழுவதும் துடைத்து விண்டோஸைப் புதிதாக நிறுவினார். அதற்குப் பிறகே எங்கள் டிஸ்க்கைத் தொட அனுமதித்தார், அதுவும் முதலில் அதற்கு இன்னொரு நகல் எடுத்துக்கொண்டு. நாங்கள் அவசரப்பட்டபோதெல்லாம் அவர் கடைப்பிடித்த நிதானத்தை மறக்க மாட்டேன்.

எங்கள் பெயரில் வந்த "வங்கிக் கணக்கு மாறிவிட்டது" என்ற போலி மின்னஞ்சலுக்குப் பதில் எழுதாமல், பழைய எண்ணில் எங்களை அழைத்துக் கேட்ட வாடிக்கையாளருக்கு நன்றி. அந்த ஓர் அழைப்பால்தான் மற்றவர்களை எச்சரிக்க முடிந்தது. தங்களிடம் இருந்த பில் நகல்களைத் தேடி அனுப்பியவர்களுக்கும், பாக்கியைக் கேட்காமல் பொறுத்திருந்தவர்களுக்கும், லேப்டாப் கடன் கொடுத்தவர்களுக்கும், காகிதத்திலேயே ஆர்டர் எழுதிச் சமாளித்த எங்கள் ஊழியர்களுக்கும், வீட்டுக்கு நேரத்தோடு வராதவர்களைப் பொறுத்துக்கொண்ட குடும்பங்களுக்கும் நன்றி.

இந்த நாட்களில் நான் அதிகம் யோசித்தது, சிறிய நிறுவனங்களில் பாதுகாப்பு யாருடைய வேலை என்பதுதான். பெரிய இடங்களில் அதற்கென்று ஒரு துறை இருக்கும். நம்மிடம் இருப்பது ஒரு கணக்கர், ஒரு விற்பனையாளர், பொருள் அனுப்பும் இருவர். அவர்களுடைய கவனம்தான் நம் பாதுகாப்பு. பீட்டர் க்ரோக் என்ற புகைப்படக் கலைஞர் தன் படங்களைக் காக்க எழுதிய விதி இன்று எல்லாத் துறைகளிலும் சொல்லப்படுகிறது: மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்கள், ஒன்று வேறிடத்தில். நல்ல விதி. அத்துடன் அக்காவின் ஒரு வரியும் சேர வேண்டும் என்பேன்: மாதம் ஒரு முறை திறந்து பார்.

கிளவுடில், அதாவது இணையச் சேமிப்பில், கோப்பு ஒத்திசைவாகிறது என்பதே பேக்கப் ஆகிவிடாது என்பதையும் சொல்லியாக வேண்டும். இங்கே கோப்பு கெட்டால் அங்கேயும் கெட்ட கோப்புதான் போய்ச் சேரும். பழைய பதிப்புகளைச் சேவை எவ்வளவு காலம் வைத்திருக்கிறது என்பதை இப்போதே பார்த்துவையுங்கள். வானாக்ரை நுழைந்த ஓட்டையை அடைக்கும் புதுப்பிப்பு, தாக்குதலுக்கு இரண்டு மாதம் முன்பே வந்திருந்தது. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவோ 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. புதுப்பிப்பைத் தள்ளிப்போடும்போது இவ்விரண்டையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் பக்கம் இனி இரண்டு டிஸ்க்குகள் மாறி மாறி வேலை செய்யும். நகல் முடிந்ததும் கேபிளிலிருந்து கழற்றிவிடுவோம். மின்னஞ்சலுக்கும் வங்கிக்கும் கடவுச்சொல்லோடு இரண்டாவது சரிபார்ப்பு உண்டு. அன்றாட வேலையை நிர்வாகி உரிமை இல்லாத கணக்கில்தான் செய்வோம், நான் உட்பட. வெளியிலிருந்து அலுவலகக் கணினிக்குள் நேரே நுழையும் வழியை மூடிவிட்டோம்.

இன்னொரு உறுதியும் எடுத்திருக்கிறோம். ஒவ்வொரு மாதமும் கடைசி வேலை நாளின் மாலையில், கேட்கும் எந்தச் சிறு நிறுவனத்துக்கும் எங்களில் ஒருவர் வந்து, பேக்கப்பிலிருந்து ஒரு கோப்பைத் திறந்து சரிபார்த்துக் காட்டுவார். கட்டணம் கிடையாது. உங்கள் டிஸ்க்கும், நகல் எடுத்த கணினி அல்லாத இன்னொரு கணினியும், ஒரு நோட்டும் இருந்தால் போதும். அந்தக் கணக்குப் பெண்தான் முதலில் வருவதாகச் சொல்லியிருக்கிறார். அழையுங்கள்.

மாறாத நன்றியுடன்,
உங்கள் அன்பர்