புதன்கிழமை மதியத்தைப் பிள்ளைகளிடம் திருப்பிக் கொடுங்கள்

மதிப்பிற்குரிய முதல்வர் அவர்களுக்கும் கல்லூரி நிர்வாகத்தினருக்கும்,

வணக்கம். புதன்கிழமை மதியம் நடந்துவந்த மாணவர் மன்றங்களை நிறுத்திவிட்டு, அந்த நேரம் முழுவதும் ஆப்டிடியூட் (வேலைத் தேர்வுக்கான கணக்கு, தர்க்கப் பயிற்சி) வகுப்பு என்று நீங்கள் அனுப்பிய சுற்றறிக்கை பற்றி எழுதுகிறேன். பிளேஸ்மென்ட்டுக்காக, அதாவது கல்லூரி வழியாக வேலை கிடைப்பதற்காக என்று காரணம் சொல்லியிருக்கிறீர்கள். நானும் பிளேஸ்மென்ட்டுக்காகத்தான் கேட்கிறேன்: அந்த மதியத்தைத் திருப்பிக் கொடுங்கள்.

என் மகள் இசிஇ (மின்னணுவியல், தகவல் தொடர்புப் பொறியியல்) மூன்றாம் ஆண்டு. பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழி. முதல் வருடம் வகுப்பில் வாயே திறக்கவில்லை. நாடக மன்றத்தில் யாரோ அவளை மைக் செட் பார்த்துக்கொள்ள உட்கார வைத்தார்கள். மைக் ஏன் கீச்சிடுகிறது என்று தேடப்போய், ஆம்ப்ளிஃபையர் பாடத்தைத் தானாக எடுத்துப் படித்தாள். ஸ்பீக்கர் வாடகைக்குப் பேரம் பேசினாள், கணக்கு எழுதினாள். இப்போது ஒலிப் பொறியியல் பக்கம் வேலை தேடப்போவதாகச் சொல்கிறாள். அப்படி ஒரு துறை இருப்பதே அதுவரை எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது.

சென்ற மாதம் வெளிக் கல்லூரியில் நடந்த நாடகப் போட்டிக்கு, துறைத்தலைவர் கையெழுத்திட்ட ஓடி (ஆன் டியூட்டி, கல்லூரி வேலையாக வெளியே போக அனுமதி) படிவத்தோடுதான் போனாள். ஆனாலும் ஆப்சென்ட் போட்டு, வருகைப்பதிவு 75 சதவீதத்துக்குக் கீழே இறங்கிவிட்டது என்று என்னை வரச் சொன்னீர்கள். நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஷிப்ட் சூப்பர்வைசர். லீவு போட்டுவிட்டு வந்து, மதியம் வரை அலுவலக வாசலில் நின்றேன். கைக்குழந்தையோடு ஓர் அம்மாவும் நின்றார். கடைசியில் ஒரு தாளை நீட்டி, 'என் மகள் இனி எந்த மன்றத்திலும் சேரமாட்டாள்' என்று எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். போடாவிட்டால் ஹால் டிக்கெட் கிடையாதாம். திருடிப் பிடிபட்டவளைப்போல என் மகள் பக்கத்தில் தலைகுனிந்து நின்றாள். போட்டுக் கொடுத்தேன். அந்த வேதனை இன்னும் ஆறவில்லை.

எங்கள் கம்பெனிக்கு வருடாவருடம் புது டிரெய்னிகள் வருகிறார்கள். மெஷின் நின்றுவிட்டால் சிலர் அப்படியே நிற்பார்கள், யாரைக் கேட்பதென்றுகூடத் தெரியாது. சிலர் ஆபரேட்டர் அண்ணனிடம் போய்க் கேட்பார்கள், ஸ்டோர்ஸில் பேசி ஸ்பேர் வாங்கி வருவார்கள், தப்பு நடந்தால் மறைக்காமல் சொல்வார்கள். விசாரித்தால், கல்லூரியில் என்எஸ்எஸ், விளையாட்டு, விழா வேலை என்று எதிலாவது ஓடியாடியவர்களாகத்தான் பெரும்பாலும் இருப்பார்கள். ஆப்டிடியூட் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அதைத் தாண்டியதும் குழு விவாதம் வருகிறதே, அதற்கு எங்கே பேசிப் பழகுவார்கள்?

குரோம்பேட்டை எம்ஐடி பொறியியல் கல்லூரியில் விமானப் பொறியியல் படித்த அப்துல் கலாம், அங்கே தமிழ்ச் சங்கம் நடத்திய கட்டுரைப் போட்டியிலும் கலந்துகொண்டு முதல் பரிசு வாங்கியவர். அண்ணா பல்கலைக்கழகத்தில் உருவான அனுசாட் செயற்கைக்கோள் 2009-இல் விண்ணுக்குப் போனது. அதே பல்கலைக்கழகம் 2004-லேயே வளாகத்துக்குள் வானொலி நிலையம் தொடங்கியது. பொறியியல் கல்லூரிகளுக்கு அங்கீகாரம் தரும் ஏஐசிடிஇகூட, முதலாண்டு மாணவர்களுக்கான மூன்று வாரத் தொடக்கப் பயிற்சியில் கலைக்கும் விளையாட்டுக்கும் இடம் ஒதுக்கியிருக்கிறது. இதெல்லாம் உங்களுக்குத் தெரியாததல்ல.

மன்றத்துக்கு மாலையில் வரட்டுமே என்று நினைக்கலாம். ஐந்து மணிக்குக் கல்லூரிப் பேருந்து கிளம்பிவிடுகிறது. அதை விட்டால் கொரட்டூர், பெரம்பூர் பிள்ளைகள் வீடு வந்து சேர ராத்திரி ஆகிவிடும். அவர்களுக்கு இருந்த ஒரே நேரம் புதன்கிழமை மதியம்தான். மன்றங்களுக்கென்று கட்டண ரசீதில் தனியாகப் பணம் வாங்குகிறீர்கள். ஜிஎஸ்டி சாலை விளம்பரப் பலகையில் மேடையேறிய பிள்ளைகளின் படத்தைப் போடுகிறீர்கள். அந்தப் பிள்ளைகளிடமே இனி வரமாட்டோம் என்று எழுதி வாங்குவது எந்த நியாயம்? அப்புறம், பையனும் பெண்ணும் பேசினால் அபராதம், செல்போன் பறிமுதல். ஓட்டுப் போடும் வயது வந்தவர்களை இப்படி நடத்தினால், நாளைக்கு ஆபீஸில் எப்படி நிமிர்ந்து பேசுவார்கள்?

சரி, அதை வேறொரு சமயம் பேசிக்கொள்ளலாம். இப்போது நான் கேட்பது புதன்கிழமை மதியத்தைத்தான். அடுத்த செமஸ்டர் கால அட்டவணை போடும்போது அதை மன்றங்களுக்கே ஒதுக்குங்கள். துறைத்தலைவர் கையெழுத்திட்ட ஓடி-யை வருகைப்பதிவில் சேருங்கள். பெற்றோரிடம் எழுதி வாங்கிய தாள்களைத் தயவுசெய்து ரத்து செய்யுங்கள். இது பற்றிப் பேச ஒரு சனிக்கிழமை நேரம் ஒதுக்கினால், நாங்கள் சில பெற்றோர் சேர்ந்து வருகிறோம்.

இப்படிக்கு,
மூன்றாம் ஆண்டு மாணவி ஒருவரின் தந்தை,
கொரட்டூர், சென்னை